ஒரே ஆண்டில் ஊன்றிய இரு விதைகள்: பள்ளிச் சோறும் பள்ளித் திடலும்

1920-ஆம் ஆண்டு சென்னைப் பட்டணத்தில் பிள்ளைகளின் உடல்நலம் கருதி இரண்டு காரியங்கள் தொடங்கப்பெற்றன. முதலாவது, ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் ஏழை மாணவர்களுக்கு வழங்கப்பட்ட பகலுணவு. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராயிருந்த காலத்தில், தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் அத்திட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆயிரம் விளக்கு என்னும் பெயரே அங்குள்ள முஸ்லிம்களின் தொழுகைக்கூட வளாகத்தில் ஆயிரம் விளக்குகள் ஏற்றப்பட்ட வழக்கத்தால் வந்தது என்பர். இரண்டாவது, ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் நிறுவிய உடற்பயிற்சி ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. அதுவே பின்னர் நந்தனத்தில் விரிந்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆயிற்று.

ஒரே நகரில், ஒரே ஆண்டில் ஊன்றப்பட்ட இவ்விரு விதைகளுள் ஒன்று ஆலமரமாகித் தமிழகத்தின் கடைக்கோடிச் சிற்றூர்ப் பிள்ளைக்கும் நிழல் தருகிறது. மற்றொன்றும் வளர்ந்தது. கல்லூரிகளைத் தந்தது, பல்கலைக்கழகத்தையும் தந்தது. ஆனால் அதன் நிழல் ஐந்தாம் வகுப்புக்குக் கீழே இன்றளவும் இறங்கவில்லை. எலவனாசூர்கோட்டை போன்ற ஊர்களில் தொடக்கப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், இந்த நூறாண்டு வரலாற்றை அறிந்துகொள்வது பயனுடையது. ஏனெனில் அதன் விளைவு நம் வீட்டுப் பிள்ளைகளின் உடலில்தான் எழுதப்படுகிறது.

நம் மரபு என்ன சொன்னது?

விளையாட்டு என்பது படிப்பைக் கெடுக்கும் வீண் வேலை என்ற எண்ணம் நம்மில் பலரிடம் ஊறிக் கிடக்கிறது. மார்க்கப் பற்றுள்ள குடும்பங்களில் அது சற்று மிகுதியாகவும் காணப்படுகிறது. ஆனால் நம் முன்னோர் அப்படி எண்ணியதில்லை.

வலிமையுள்ள நம்பிக்கையாளர் வலிமையற்றவரைவிட அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானவர் என்றும், இருவரிடத்திலும் நன்மை உண்டு என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பு நோற்ற இளைஞர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உம் உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று அண்ணலார் நினைவூட்டிய செய்தி புகாரியில் உள்ளது. பெருநாளன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனைக் கண்டு களித்ததையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அண்ணலாரும் அன்னையாரும் ஓட்டப்பந்தயம் ஓடிய நிகழ்ச்சியை அபூதாவூதில் காணலாம்.

பிற்கால அறிஞர்கள் இதனைக் குழந்தைக் கல்வியோடு இணைத்தே பேசினர். 1037-இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு சீனா தம் ‘அல்-கானூன்’ நூலில், ஆறு வயதளவில் பிள்ளையை ஆசிரியரிடம் சேர்க்கலாம் என்றும், ஆயினும் படிப்பின் சுமையை ஒரேயடியாக ஏற்றாமல் படிப்படியாகவே பழக்க வேண்டும் என்றும் எழுதினார். சிறு பிள்ளையின் அன்றாட ஒழுங்கில் குளியலுக்கும் உணவுக்கும் இடையே விளையாட்டுக்கென்று அவர் நேரம் ஒதுக்கியுள்ளார். 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் இன்னும் அழுத்தமாகப் பேசுகிறார். மக்தபில் ஓதி முடித்த பிள்ளை களைப்பு நீங்க நல்ல முறையில் விளையாட அனுமதிக்கப்பட வேண்டும். விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் படிக்கும்படி நெருக்கினால் அதன் உள்ளம் மரத்துப்போகும், அறிவு மழுங்கும், படிப்பிலிருந்து தப்பிக்க வழி தேடும் என்பது அவர் கருத்தின் சாரம். நவீனக் குழந்தை உளவியல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஓர் இமாம் எழுதிய கருத்து இது.

டிரில் மாஸ்டர் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அமைத்த பள்ளிகளுக்குள் உடற்பயிற்சி வந்தபோது, அது படை முகாமின் வாசத்தோடு வந்தது. ஓய்வுபெற்ற சிப்பாய்களே பெரும்பாலும் அதனைக் கற்பித்தனர். வரிசையில் நிற்றல், கட்டளைக்குத் திரும்புதல், கால் மாற்றி நடத்தல் என்பனவே பாடம். நம் ஊர்ப் பேச்சில் இன்றும் வழங்கும் ‘டிரில் மாஸ்டர்’, ‘டிரில் பீரியட்’ என்ற சொற்கள் அக்காலத்தின் எச்சம். அந்த மரபில் உடல் என்பது அடக்கப்பட வேண்டிய ஒன்று. தவறு செய்த மாணவனைத் திடலைச் சுற்றி ஓடவிடும் வழக்கமும், தோப்புக்கரணம் போடவைக்கும் வழக்கமும் இந்த மனப்பான்மைக்கு உரம் சேர்த்தன. ஓட்டத்தைத் தண்டனையாகக் கற்ற பிள்ளை பிற்காலத்தில் மகிழ்ந்து ஓடுமா என்று யாரும் கேட்கவில்லை.

அதே காலத்தில் பள்ளிக்கு வெளியே வேறொரு கல்வி நடந்துகொண்டிருந்தது. கிட்டிப்புள், பாண்டி, பச்சைக்குதிரை, சடுகுடு, நொண்டி ஆகிய ஆட்டங்களைத் தெருவும் களத்துமேடும் பிள்ளைகளுக்குக் கற்பித்தன. சிலம்பம் ஆசான்களிடம் வாழ்ந்தது. இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடையே சீனடியும் பொல்லடியும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தன. இவற்றைப் பாடமென்று பள்ளிக்கூடம் மதிக்கவில்லை. மதித்திருந்தால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குப் பொருத்தமான உடற்கல்வி நம் மண்ணிலேயே உருவாகியிருக்கும்.

ஹாரி குரோ பக் கொணர்ந்த மாற்றம்

1884-இல் பென்சில்வேனியாவில் பிறந்த பக், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் பயின்றவர். கூடைப்பந்து 1891-இல் பிறந்தது அக்கல்லூரியில்தான். 1919-இல் சென்னை வந்த அவர், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்காமல் பள்ளிகளில் உடற்கல்வி வேரூன்றாது என்று கண்டார். கட்டளைக்கு ஆடும் பயிற்சிக்கு மாற்றாக, பிள்ளைகள் விரும்பி ஆடும் விளையாட்டுகளை அவர் முன்வைத்தார். ஆட்ட விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் நாடெங்கும் உடற்கல்வி ஆசிரியர்களின் கையேடாக விளங்கியது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்கு அவரே மேலாளர். 1943-இல் சென்னையிலேயே அவர் மறைந்தார்.

அவர் சார்ந்த அமைப்பு கிறித்தவ அமைப்பு. ஆயினும் அக்கல்லூரியில் பயின்று வெளிவந்தவர்கள் எல்லாச் சமயத்தவரும் பயிலும் பள்ளிகளில் பணியாற்றினர். நல்லது எங்கிருந்து வந்தாலும் பெற்றுக்கொள்வது நம் மரபு.

பக் காலத்துக்குப் பின் சொற்களும் மாறின. ‘டிரில்’ என்பது ‘உடற்பயிற்சி’ ஆகி, பின்னர் ‘உடற்கல்வி’ ஆயிற்று. பயிற்சி தசைக்கு உரியது. கல்வியோ முழு மனிதருக்கு உரியது. தோழமை, விதிக்குக் கட்டுப்படுதல், தோல்வியைத் தாங்குதல், தன் உடலை அறிதல் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். 1957-இல் குவாலியரில் மத்திய அரசின் இலட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி எழுந்தது. தமிழ்நாடு அரசு 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உடற்கல்விக்கும் விளையாட்டுக்குமென்றே தனிப் பல்கலைக்கழகம் கண்டது. மேலே கட்டடம் உயர்ந்துகொண்டே போனது.

சோறு சென்ற வழியும் ஆட்டம் நின்ற இடமும்

முதல் விதையின் பயணத்தை இங்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆயிரம் விளக்கில் தொடங்கிய பகலுணவு 1925-இல் நிதிக் காரணத்தால் தடைப்பட்டது. 1956-இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலமெங்கும் விரிந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக அதனை வளர்த்தார். பின்னர் வந்தவர்கள் முட்டை சேர்த்தனர். 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. 2013-இல் அது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்றது. 2022-இல் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் காலை உணவும் தமிழகத்தில் தொடங்கியது. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின, சோறு நிற்கவில்லை.

இது எப்படி நிகழ்ந்தது? பசித்த பிள்ளை படிக்க இயலாது என்ற உண்மையைச் சமூகம் முழுவதும் ஏற்றுக்கொண்டது. ஆகவே எந்த ஆட்சியும் அதில் கை வைக்கத் துணியவில்லை. அடைபட்ட உடலோடும் பிள்ளை நன்கு படிக்க இயலாது என்ற இணையான உண்மையை நாம் அவ்வாறு ஏற்றுக்கொள்ளவில்லை.

அதன் அடையாளத்தைச் சட்டத்திலேயே காணலாம். 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்கள் வழங்கப்பட வேண்டும் என்கிறது. ஆனால் ஆசிரியர் என்று வரும்போது, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையில், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் பயிலும் பள்ளிகளுக்கே, உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநரைக் குறிப்பிடுகிறது. ஒன்று முதல் ஐந்து வரை உடற்கல்விக்கெனத் தனி ஆசிரியர் எவரையும் அது கட்டாயமாக்கவில்லை. அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பதே அச்சட்டத்தின் கணக்கு. அவ்விருவரே ஐந்து வகுப்புகளுக்கும் தமிழும் கணக்கும் ஆங்கிலமும் கற்பித்து, பதிவேடுகளையும் எழுதி, பின்னர் பந்தையும் எடுத்துக்கொண்டு திடலுக்கு வரவேண்டும். தமிழ்நாட்டில் 2012-இல் அனைவருக்கும் கல்வித் திட்டத்தின்கீழ் 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு நியமிக்கப்பட்டபோதும், அவர்கள் சென்றது ஆறாம் வகுப்புக்கு மேலேதான்.

ஆக, திடல் சட்டத்தில் உண்டு. பந்து சட்டத்தில் உண்டு. கற்றுத் தருபவர் இல்லை. குர்ஆனை வாங்கி ரேழியில் வைத்துவிட்டு ஓதிக் கொடுக்க உஸ்தாதை அமர்த்தாமல் விட்டால் பிள்ளை ஓதக் கற்குமா?

ஏன் அந்த வயது?

‘பெரிய வகுப்புக்குப் போனதும் விளையாடிக்கொள்ளட்டுமே’ என்று கேட்பவர் உண்டு. ஓடுதல், தாவுதல், எறிதல், பிடித்தல், சமநிலை காத்தல் ஆகிய அடிப்படை இயக்கத் திறன்கள் ஏறத்தாழ எட்டு வயதுக்குள்தான் எளிதில் படிகின்றன. வளரும் எலும்பு துள்ளலாலும் ஓட்டத்தாலும் உறுதிப்படுகிறது. பந்தைப் பிடிக்கத் தெரியாத பத்து வயதுப் பிள்ளை, தோழர்கள் நகைப்பார்களோ என்று ஒதுங்கி நிற்கும். ஒதுங்கியவர் பின்னர் உள்ளே வருவது அரிது. எழுத்துக் கூட்டத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்குச் சென்ற பிள்ளையின் நிலையும் இதுவே. அதற்காகப் பதறும் நாம் இதற்காகப் பதறுவதில்லை.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலியக்கம் கொள்ள வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அந்நிறுவன ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலக அளவில் 11 முதல் 17 வயதினரில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. பெண்பிள்ளைகளில் இது 85 விழுக்காடு. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறுகிறது. நம் குடும்பங்களில் நாற்பது வயதில் மாத்திரை தொடங்காதவரை எண்ணிப் பாருங்கள். நோய் நாற்பதில் தெரிகிறது. அதற்கு வழி அமைத்த பழக்கமோ பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது.

நம் ஊரின் நிலை

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியது எலவனாசூர்கோட்டை. இத்தகைய ஊர்களின் முந்தைய தலைமுறைக்குத் தெருவே திடலாயிருந்தது. இன்று தெருவில் வண்டிகள் பெருகிவிட்டன; காலி மனைகள் கட்டடமாகிவிட்டன; கைப்பேசி வீட்டிற்குள் இருத்திவிட்டது. காலையில் ஓதல், பகலில் பள்ளி, மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம் என்று நம் பிள்ளையின் நாள் நிறைந்துவிடுகிறது. இவற்றுள் எதுவும் தீயதன்று. ஆனால் கஸ்ஸாலி இமாம் மக்தபுக்குப் பின் ஒதுக்கச் சொன்ன நேரம் இதில் எங்கே? அத்தா வெளிநாட்டில் உழைக்கும் குடும்பங்களில், பிள்ளையைத் திடலுக்கு அழைத்துச் செல்ல ஆளில்லாமல் தாயார் தவிப்பதும் உண்டு. தெரு இழந்ததைப் பள்ளிக்கூடம்தான் ஈடு செய்ய வேண்டியுள்ளது.

நம் மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலையில் ஏறி இறங்கி நடந்து பள்ளி செல்லும் பிள்ளைக்கு உடலுழைப்புக் குறைவில்லை. ஆயினும் அப்பிள்ளைக்கும் உடற்கல்வி தேவை. நடப்பது வேறு, பந்தைப் பிடிக்கவும் குழுவாய் ஆடவும் முதலுதவி செய்யவும் நீந்தவும் கற்பது வேறு. நீச்சலை மட்டும் எடுத்துக்கொள்வோம். உலக அளவில் 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் இறப்புக்கான முதன்மைக் காரணங்களுள் நீரில் மூழ்குதலும் ஒன்று. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஏரியிலும் கிணற்றிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த செய்திகளை நாம் வாசிக்கிறோம். பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்றுக்கொடுங்கள் என்ற அறிவுரை உமர் (ரலி) அவர்களுடையதாக வழங்கி வருகிறது. அதன் முதற்சொல்லையேனும் நாம் காத்திருந்தால் எத்தனையோ வீடுகளில் துயரம் தவிர்ந்திருக்கும்.

பெண்மக்களுக்கு உரிய பங்கு

மேற்கண்ட புள்ளிவிவரத்தில் பெண்பிள்ளைகள் பின்தங்கியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பத்து, பதினொரு வயதில் நம் பெண்மக்கள் விளையாட்டை விட்டு விலகுகின்றனர். பெருவகுப்பில் எழும் தயக்கங்களுக்குப் பல காரணங்கள் கூறப்படலாம். தொடக்கப்பள்ளி வயதில் எந்தக் காரணமும் இல்லை. ஆகவே அவர்களுக்குத் தொடக்கப்பள்ளி உடற்கல்வி இன்னும் இன்றியமையாதது. சிலருக்கு வாழ்நாளில் ஓடியாடிக் கற்கக் கிடைக்கும் ஐந்தே ஆண்டுகள் அவைதாம். சவூதி அரேபியா 2017-இல் அரசுப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கு உடற்கல்வியை அனுமதித்தது. கண்ணியமான உடையும் தனி ஏற்பாடும் இருப்பின், உடற்கல்வியும் மார்க்கப் பேணுதலும் ஒன்றுக்கொன்று தடையல்ல. அன்னை ஆயிஷா (ரலி) ஓடிய ஓட்டம் நமக்குப் போதுமான சான்று.

தரமான உடற்கல்வி எது?

பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆசிரியர் நாற்காலியில் அமர்வது உடற்கல்வி ஆகாது. வேகமாய் ஓடும் நால்வரைத் தேர்ந்து போட்டிக்கு அனுப்பி, எஞ்சிய முப்பது பேரை ஓரத்தில் உட்கார்த்தி வைப்பதும் ஆகாது. யுனெஸ்கோ 1978-இல் வெளியிட்டு 2015-இல் திருத்திய பட்டயம், உடற்கல்வியை ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்கிறது. ஒவ்வொருவர் என்றால், பருமனான பிள்ளையும் மெலிந்த பிள்ளையும் மாற்றுத்திறனுள்ள பிள்ளையும் அடங்குவர்.

இதற்கும் நபிவழியில் ஓர் அழகிய முன்மாதிரி உண்டு. அண்ணலார் நடத்திய குதிரைப் பந்தயத்தில், பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு அல்-ஹஃப்யா முதல் ஸனிய்யத்துல் வதா வரை நெடுந்தொலைவும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுந்தொலைவும் வகுக்கப்பட்டன என்று புகாரி கூறுகிறது. அவரவர் ஆற்றலுக்கேற்ற எல்லை; எவரும் விலக்கப்படவில்லை. இன்றைய உடற்கல்வி வல்லுநர்கள் வலியுறுத்துவதும் இதுவே.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பாண்டி ஆட ஒரு சுண்ணக்கட்டி போதும். ஒற்றைக்கால் சமநிலையை அதைவிட நன்கு கற்றுத்தரும் கருவி கடையில் இல்லை. கயிறு, வளையம், துணிப்பந்து, சிலம்பக் கழி என்று நம்மிடம் உள்ளவையே ஏராளம். சிலம்பம் 2024-இல் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பள்ளி புறக்கணித்த கலை அரங்கேறிவிட்டது. பள்ளிக்குள்தான் இன்னும் முறையாக வரவில்லை.

நம் கையில் உள்ளது

கல்வி உரிமைச் சட்டம் பெற்றோர் கையில் ஒரு கருவியைத் தந்துள்ளது. அதுவே பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், சரிபாதியினர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தீட்டும் பொறுப்பும் அக்குழுவினுடையதே. நம் தாய்மார்கள் அக்கூட்டத்தில் அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்கலாம். திடல் எங்கே, அது முள்ளும் கல்லுமின்றி உள்ளதா? வாரத்தில் எத்தனை பாடவேளை விளையாட்டுக்கு, அது கணக்குப் பாடத்துக்குக் கடன் போகிறதா? வகுப்பாசிரியருக்கு உடற்கல்விப் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளதா? கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் விளையாட்டுப் பாடவேளையை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று விளையாட்டுத் துறை அமைச்சராயிருந்தபோது உதயநிதி ஸ்டாலினே பொதுமேடையில் கேட்டுக்கொள்ள நேர்ந்தது என்றால், அந்தக் கடன் எவ்வளவு பரவலானது என்பது விளங்கும். ஜமாஅத் நிர்வாகத்தில் உள்ளவர்கள் தங்கள் பொறுப்பிலுள்ள காலி இடத்தில் அஸருக்குப் பின் மஃரிபு வரை சிறார் ஆட இடம் ஒதுக்கினால், அதுவும் ஒரு நற்பணியே.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள் அமானிதம். அவர்களின் வயிற்றைக் காக்க இச்சமூகம் நூறாண்டு போராடி வென்றது. அந்த வெற்றி வானிலிருந்து விழவில்லை; மக்கள் கேட்டார்கள், ஆட்சியாளர் தர வேண்டியதாயிற்று. காலும் கையும் மூச்சும் அதே அமானிதத்தின் பகுதிகள்தாம். அவற்றுக்காகவும் நாம் கேட்கத் தொடங்கினால், 1920-இல் ஊன்றிய இரண்டாம் விதையும், இன்ஷா அல்லாஹ், நம் ஊர்த் தொடக்கப்பள்ளி வாசலில் நிழல் தரும்.